கடைமடை காயாதிருக்க
முதுமையும் மூளையின் வெண்பொருளும்

முதுமை எல்லாருக்கும் வருவது. தலை நரைக்கிறது, பல் விழுகிறது, பார்வை மங்குகிறது. இவற்றை நாம் கண்ணால் காண்கிறோம். ஆகவே பெரியவர்களுக்குக் கோலும் மூக்குக்கண்ணாடியும் வாங்கிக் கொடுக்கிறோம். ஆனால் மண்டையோட்டுக்குள்ளே நிகழும் மாற்றங்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தாத்தா நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். ஐம்பது ஆண்டுகளாக வைத்த அதே குழம்பில் எதை முதலில் போடுவது என்று தெரியாமல் அப்பத்தா அடுப்படியில் திகைத்து நிற்கிறார். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அது வயதினால் மட்டுமே வருவதா? அல்லது தடுக்கக்கூடிய ஒரு நோயும் அதில் கலந்திருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் இன்று நல்லதொரு விடை தந்திருக்கிறது. மாணவியரும் பெற்றோரும் அறிந்து பயன்பெறும் பொருட்டு அதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

மூளையின் இரு பகுதிகள்

மனித மூளையின் எடை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம். உடல் எடையில் இது நூற்றில் 2 பங்கே. ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் நூற்றில் 20 பங்கை இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மூளையை வெட்டிப் பார்த்தால் இரு நிறங்கள் தெரியும். வெளிப்புறத்தில் சாம்பல் நிறப் பட்டை; உட்புறத்தில் வெண்மை. சாம்பல் பொருளில் நரம்பணுக்களின் உடல்கள் உள்ளன. வெண்பொருளில் அந்த அணுக்களிலிருந்து புறப்பட்டு ஓடும் நீண்ட நரம்பிழைகள் உள்ளன.

அருப்புக்கோட்டையில் வளரும் பிள்ளைகளுக்கு இழை என்றால் விளக்க வேண்டியதில்லை. எத்தனை நூல் இருந்தாலும் பாவும் ஊடையும் சேர்ந்தால்தானே துணியாகிறது! அதுபோலவே எத்தனை கோடி நரம்பணுக்கள் இருந்தாலும், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள் சரியாக இருந்தால்தான் எண்ணமும் நினைவும் செயலும் உருவாகும். மூளையின் வலப் பாதியையும் இடப் பாதியையும் இணைக்கும் பாலத்தில் மட்டும் சுமார் 20 கோடி இழைகள் இருக்கின்றன.

இந்த இழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை இருக்கிறது. வெண்பொருளுக்கு வெண்மை தருவது அதுவே. 1854-ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ இதற்கு இப்பெயரைச் சூட்டினார். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பிழைக்கு இது உறை. உறையற்ற மெல்லிய இழையில் செய்தி விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் தூரமே செல்லும். தடித்த உறையுள்ள இழையில் விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் பாயும். மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் உள்ள வேறுபாட்டைவிட இது பெரிது!

டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் 2003-ஆம் ஆண்டில் இவ்விழைகளின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டார்கள். 20 வயதுப் பெண்ணின் மூளையில் உறையுள்ள இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 1,49,000 கிலோமீட்டர் வரும் என்றார்கள். பூமியை மூன்றரை முறைக்கு மேல் சுற்றும் நீளம் அது. 80 வயதில் அது 82,000 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. பத்து ஆண்டுக்கு நூற்றில் 10 பங்கு வீதம் இழைகள் தேய்கின்றன. எனவே வயதானவர் சற்று மெதுவாகச் சிந்திப்பதும், பெயர் நினைவுக்கு வரத் தாமதிப்பதும் இயற்கையே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இந்த இயல்பான தேய்வோடு வேறொரு கேடும் சேரும்போதுதான் துன்பம் தொடங்குகிறது.

கடைமடை வயல்

அந்தக் கேடு என்ன என்பதை விளங்கிக்கொள்ள நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டாலே போதும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் எப்போதோ வரும் வெள்ளத்தையும், கண்மாயில் தேங்கும் மழைநீரையும் நம்பியே இங்கு வெள்ளாமை நடக்கிறது. கண்மாய் மடையைத் திறந்தால் தலைமடை வயல் முதலில் நனையும். கடைமடை வயலுக்கு நீர் வந்து சேர்வது கடைசியில்தான். வாய்க்கால் தூர்ந்துவிட்டால் முதலில் காய்வதும் அந்தக் கடைமடைதான்.

மூளையிலும் கடைமடை உண்டு. அதுவே ஆழத்திலுள்ள வெண்பொருள். மூளையின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பகுதியிலிருந்தும் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் உள்ளே இறங்கி வெண்பொருளுக்கு உணவும் பிராணவாயுவும் கொண்டுபோகின்றன. அவற்றின் குறுக்களவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நெடுந்தூரம் தனியாகச் செல்லும் குழாய்கள் இவை. ஒன்று அடைபட்டால் பக்கத்துக் குழாய் வந்து கைகொடுப்பது அரிது.

இரத்தக் கொதிப்பு எனப்படும் உயர் இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால் இந்த மெல்லிய குழாய்களின் சுவர் தடித்து, விறைத்து, உட்புறம் குறுகிவிடுகிறது. நீரிழிவும் புகையிலையும் இதே கேட்டை விளைவிக்கின்றன. வாய்க்கால் தூர்ந்துபோகிறது, கடைமடை காய்கிறது. இரத்தம் குறைந்த இடத்தில் மயலின் உறை சிதைகிறது. பின்னர் இழையும் அறுகிறது. இவ்வளவும் வலியின்றி, சத்தமின்றி, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது.

வெள்ளைப் புள்ளிகள்

1894-ஆம் ஆண்டில் ஆட்டோ பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவர், அறிவு மங்கிய முதியோர் சிலரின் மூளையில் வெண்பொருள் சிதைந்திருப்பதை விவரித்தார். ஆனால் உயிரோடிருப்பவர் மூளையில் அதைக் காணும் வழி அன்று இல்லை. ஸ்கேன் கருவிகள் வந்த பிறகே அது கைகூடியது. 1987-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர் விளாடிமிர் ஹச்சின்ஸ்கியும் அவருடைய தோழர்களும் இம்மாற்றத்துக்கு 'லூக்கோ அராயோசிஸ்' என்று கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார்கள். 'வெண்மை நைந்து போதல்' என்று அதற்குப் பொருள் கூறலாம். நைந்த துணி என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதே நிலைதான்.

காந்த அலைகளால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பழுதுபட்ட வெண்பொருள் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். நெதர்லாந்து நாட்டில் 60 முதல் 90 வயது வரையுள்ள 1,077 பேரைப் படமெடுத்து 2001-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். புள்ளியே இல்லாதவர்கள் நூற்றுக்கு 5 பேர்தாம்! ஆகவே ஸ்கேன் அறிக்கையில் ஓரிரு புள்ளிகள் இருப்பதாக எழுதியிருந்தால் வீட்டார் கலங்கிவிடக் கூடாது. புள்ளிகள் பெருகி, ஒன்றோடொன்று கூடித் திட்டுத் திட்டாக ஆகும்போதுதான் கவலை கொள்ள வேண்டும். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, இவ்வாறு புள்ளிகள் மிகுந்தவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மூன்று மடங்காகவும், அறிவு மங்கும் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகவும் இருக்கிறது.

எப்படி அறிவது?

அறிவு மங்கும் நோய் என்றதும் மறதியைத்தான் நாம் நினைக்கிறோம். அல்சைமர் நோயில் அது உண்மை; அங்கு நேற்று நடந்தது முதலில் மறக்கும். வெண்பொருள் பழுதுபட்டவர்களிடமோ பெரும்பாலும் மந்தமே முதலில் தெரிகிறது. எண்ணம் மெதுவாகிறது. இரண்டு வேலைகளை ஒருசேரக் கவனிக்க முடிவதில்லை. சந்தைக்குப் போய் நாலு சாமான் வாங்கி மிச்சக் காசை எண்ணி வாங்கி வருவது போன்ற, வரிசையாகச் செய்ய வேண்டிய காரியங்கள் தடுமாறுகின்றன. நடை சிறுத்து, கால் தரையைத் தேய்க்கிறது. அடிக்கடி விழுகிறார்கள். சிறுநீரை அடக்க முடிவதில்லை. முன்பு கலகலவென்று பேசியவர் எதிலும் நாட்டமின்றி மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். இதைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் நாம் தவறாக எண்ணிக் கடிந்துகொள்கிறோம்.

ஒன்றை மறக்கக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே போன்ற தோற்றம் தரும். பி12 குறைந்தால் மயலின் உறையே கெடுகிறது. இவையெல்லாம் மருந்தால் பெரிதும் சரிசெய்யக் கூடியவை. எனவே மருத்துவரிடம் காட்டாமலே 'வயதுதான் காரணம்' என்று நாமே தீர்ப்புச் சொல்வது பெரும் பிழை. முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரென்று வந்தால் அது பக்கவாதம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் பலன் தரும்.

அருட்சகோதரிகள் அளித்த சான்று

இந்த நோயைப் பற்றி உலகம் அறிந்த செய்திகளில் மிகச் சிறந்த சிலவற்றைத் தந்தவர்கள் கன்னியர் மடத்துச் சகோதரிகளே என்பது நமக்கெல்லாம் பெருமை தருவதாகும். அமெரிக்காவில் நோத்ர் தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 பேர் டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளருக்கு ஒத்துழைக்க முன்வந்தார்கள். 1986-இல் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. அவர்களுள் பலர் வாழ்நாள் முழுதும் ஆசிரியைகளாகப் பணி செய்தவர்கள். அனைவரும் 75 வயதைத் தாண்டியவர்கள். நினைவாற்றல் சோதனைகளுக்கு உட்பட்டதோடு, தம் மரணத்துக்குப் பின் மூளையையும் ஆராய்ச்சிக்கு அளிக்க அவர்கள் இசைந்தார்கள். ஒரே உணவு, ஒரே ஒழுங்கு, புகையிலை இல்லாத வாழ்வு. ஆகவே அவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது ஆராய்ச்சியாளருக்கு எளிதாயிற்று.

1997-இல் வெளிவந்த முடிவு நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. மறைந்த 102 சகோதரிகளுள் 61 பேரின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் இருந்தன. ஆனால் அந்த 61 பேரில் சிலர் வாழ்நாளில் அறிவு மங்கியவர்களாக இருக்கவில்லை. அல்சைமர் அடையாளங்களோடு, ஆழத்து வெண்பொருளிலோ அதை அடுத்த உட்பகுதிகளிலோ சிறு இரத்தக் குழாய் அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களே மிகப் பெரும்பாலும் அறிவு மங்கியவர்களாக இருந்தார்கள். அதாவது, முதல் நோயை நம்மால் தடுக்க முடியாவிட்டாலும், இரத்தக் குழாய்களைக் காத்துக்கொண்டால் அதன் விளைவைத் தாங்கும் வலிமை மூளைக்கு மிஞ்சுகிறது.

சகோதரி மேரி என்று குறிப்பிடப்படும் ஒருவர் 101 வயது வரை வாழ்ந்தார். 84 வயது வரை பாடம் சொல்லிக் கொடுத்தார். இறுதிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றார். அவர் மறைந்த பின் பார்த்தால், அவர் மூளையிலும் அல்சைமர் அடையாளங்கள் ஏராளமாக இருந்தன! மேலும் 93 சகோதரிகள் சராசரியாக 22 வயதில் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரைகளையும் ஆராய்ந்தார்கள். வாக்கியங்களில் கருத்துச் செறிவு மிகுந்திருந்தவர்கள் முதுமையில் அறிவுத்தெளிவோடு இருந்தது அதிகம் என்று கண்டார்கள். கட்டுரை எழுதினால் நோயே வராது என்று இதற்குப் பொருளன்று. இளமையில் சேர்த்துவைத்த அறிவு முதுமையில் கையிருப்பாக உதவும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

நம் நாட்டில்

'இது மேல்நாட்டு நோய்' என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். ஆனால் 1990-களில் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள திருப்போரூர்க் கிராமங்களில் நடந்த ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு இது இருப்பதைக் கண்டது. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்தார்க்கும் இது அதிகம் என்றும் கூறியது. இவ்வேறுபாட்டுக்குக் கல்வியின்மை ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. நம் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் பள்ளிக்குப் போகாமல் பருத்திக் காட்டுக்கும் தறிக்கும் போனார்களே, அந்த இழப்பின் எதிரொலி இன்றும் தீரவில்லை.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரா வட்டாரத்தில் 45 வயதைக் கடந்த கிராம மக்கள் 10,000 பேரைச் சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் திட்டத்தை 2018-இல் தொடங்கியது. நம்மைப் போன்றே மழையை நம்பி வாழும் வறண்ட பூமி அது. இரத்தப் பரிசோதனை, நினைவுச் சோதனை, எம்.ஆர்.ஐ. படம் முதலியவை இத்திட்டத்தில் அடங்கும்.

ஹைதராபாத்தில் 2013-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. அறிவு மங்கிய 648 நோயாளிகளை ஆராய்ந்தபோது, இரு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தப் பலன் காணப்பட்டது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டில் ஒலிக்கும் நம் ஊர் நெசவாளர் தெருக்களுக்கு இது நற்செய்தியல்லவா? தாத்தாவின் தாய்மொழியைப் பேச வெட்கப்படாதீர்கள்.

வருமுன் காப்போம்

நைந்த வெண்பொருளைப் பழையபடி புதுப்பிக்கும் மருந்து ஏதும் இல்லை. ஆனால் மேலும் நையாமல் தடுக்க வழி உண்டு. அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த இரத்தக் கொதிப்புக்காரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அழுத்தத்தை 140-க்குக் கீழும், மறு பிரிவுக்கு 120-க்குக் கீழும் கொண்டுவர முயன்றார்கள். ஏறக்குறைய 4 ஆண்டுகளில் முதல் பிரிவினருக்கு வெள்ளைப் புள்ளிகளின் பரிமாணம் 1.45 கன சென்டிமீட்டர் கூடியது. இரண்டாம் பிரிவினருக்கு 0.92 மட்டுமே கூடியது. தொடக்க நிலை அறிவுக் குறைவும் அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. 2019-இல் இம்முடிவுகள் வெளிவந்தன. இதைப் படித்துவிட்டு வீட்டில் நாமே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் முதியோர் தலைசுற்றி விழுவார்கள். அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, உலகில் இந்நோயாளிகளில் நூற்றுக்கு 45 பேருடைய நோய் தடுக்கக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று அறிவித்தது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, மது, உடலுழைப்பின்மை, கல்விக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வந்த மாத்திரை அலமாரியில் உறங்காமல் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பதே நம் பொறுப்பு.

மாணவியர் செய்ய வேண்டுவன

1. வீட்டில் 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவரச் செய்யுங்கள். அளவை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

2. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேருங்கள். நம் காட்டில் விளையும் குதிரைவாலியும் கீரையும் தட்டில் இடம் பெறட்டும்.

3. தாத்தா பாட்டியோடு மாலையில் நடந்து வாருங்கள். வெற்றிலையோடு சேரும் புகையிலையை அன்பாகப் பேசி விலக்குங்கள்.

4. கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அப்பாவிடம் சொல்லுங்கள். காது மந்தமானவரோடு எதிரில் அமர்ந்து நிறுத்திப் பேசுங்கள்.

5. நீங்கள் நன்றாகப் படியுங்கள். வெண்பொருள் இருபது வயதுக்குப் பின்னும் வளர்கிறது. பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தையை 6 வாரம் பழகியவர்களின் வெண்பொருளிலேயே மாற்றம் தெரிந்ததாக 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் கண்டார்கள். இசை, தையல், கணக்கு, புதுமொழி எதுவாயினும் பழகப் பழக இழை உறுதிப்படும்.

இத்தனை செய்தும் அறிவு மங்கிவிட்டால் என் செய்வது? அப்போது நமக்கு எஞ்சும் மருந்து பொறுமைதான். தந்தையின் அறிவு குன்றிப்போனாலும் அவரை இகழாமல் பொறுத்து ஆதரிக்க வேண்டும் என்று சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில் நமக்குக் கற்பிக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே செய்தியைச் சொல்வது, பதிலுக்குக் காத்திருப்பது, பத்தாவது முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதுபோல் மறுமொழி கூறுவது, பிறர் முன் சிரிக்காதிருப்பது ஆகிய எல்லாம் இந்த நோய்க்கு ஏற்ற சிகிச்சைகளே. இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ அத்தைக்கோ ஒரு மணி நேரம் ஓய்வு தருவதும் பெரிய உதவியாகும்.

கோடையில் கண்மாயைத் தூர் வாரி வைத்த ஊருக்குத்தான் ஐப்பசி மழை பயன்படுகிறது. பெற்றோரே, நாற்பதிலும் ஐம்பதிலும் இரத்தக் குழாய்களைக் காத்துக்கொள்ளுங்கள். மாணவியரே, இப்போதே அறிவைச் சேர்த்து வையுங்கள். நம் இல்லங்களில் முதுமை மதிப்போடும் தெளிவோடும் விளங்க இறைவன் அருள்வாராக!